எலுமிச்சம்பழமும் எல்லைப் பாலமும்

மூன்று வருஷம் தவம் கிடந்து வாங்கிய குடியேற்ற விசாவை அதன் கடைசி நாளில் தூக்கிக்கொண்டு ஓடுவாளா ஒருத்தி? ரஞ்சனா ஓடினாள். எல்லாம் கட்டின புருஷன் செய்த காரியம். புதுக் கார் வரட்டும், கோயிலில் பூஜை போடுவோம், அப்புறம் போவோம் என்று அஷ்வத் இழுத்து இழுத்து, 1996 மே மாதத்தின் கடைசித் தேதிக்குக் கொண்டுவந்து விட்டிருந்தான்.

மாண்ட்ரியலில் மாணவ விசாவில் இருந்தவள் அவள். கனடாவை விட்டு ஒரு முறை வெளியேறித் திரும்ப நுழைந்தால்தான் குடியேற்ற முத்திரை விழும். இன்று விழாவிட்டால் மறுபடி விண்ணப்பம், மறுபடி வரிசை. ஒரு மணி நேரத்தில் எட்டுகிற எல்லை பக்கத்திலேயே இருக்க, அருவியையும் பார்த்த மாதிரி இருக்கும் என்று ஏழு மணி நேரம் ஓட்டி நயாகராவுக்கு அழைத்து வந்ததும் அந்த மகானுபாவன்தான். ஆற்றின் இரு கரையிலும் ஒரே பெயரில் இரண்டு ஊர்கள், நடுவே பாலம்.

பாலத்தைத் தாண்டியதும் அமெரிக்கக் கரையில் அதிகாரி, அமெரிக்க விசா இல்லை, திரும்பிப் போ என்று அவளிடம் காகிதம் நீட்டினார். அதுதானே வேண்டும்! பிறகு, பழம், காய், செடி ஏதாவது உண்டா என்று கேட்டார். ஒன்றுமே இல்லை என்றான் அஷ்வத், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அதிகாரி காரின் முன்பக்கம் குனிந்தார். திருஷ்டிக்குக் கட்டிய எலுமிச்சம்பழமும் ஏழு பச்சைமிளகாயும் கயிற்றில் ஆடின. டிக்கியில் அர்ச்சனைத் தட்டு வேறு: தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை. காரை ஓரங்கட்டச் சொன்னார். சோதனை முடிய ஒரு மணி நேரமாவது ஆகுமாம்.

மணி நாலேகால். எதிரே கனடாக் கரையில் முத்திரை போடுகிறவர் ஐந்துக்குக் கிளம்பிவிடுவார். ரஞ்சனாவுக்கு அழுகை முட்டியது, ஆத்திரம் அதை முந்திக்கொண்டது.

"கொஞ்சம் பொறு ரஞ்சு, நான் பேசிப் பார்க்கறேன்."

"நீ பேசிக் கிழிச்சது போதும். உன் காரைக் கட்டிக்கிட்டு இங்கேயே நில்லு."

நான் நடந்து போகலாமா என்று அதிகாரியிடமே கேட்டாள். தாராளமாக, என்று நடைபாதையைக் காட்டினார்.

பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, விசாக் காகிதங்களை மார்போடு அணைத்து விறுவிறுவென்று நடந்தாள். ஆற்றுக் காற்று முந்தானையைப் பிய்த்தது. அருவிச் சாரல் மூக்குக்கண்ணாடியில் படிந்தது, துடைக்க நிற்கவில்லை. அருவியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாலு ஐம்பதுக்கு முத்திரை விழுந்தது. மூச்சு வாங்க நின்றவளைப் பார்த்து, நாட்டுக்கு நல்வரவு என்று அதிகாரி கை குலுக்கினார். அம்மாடி! அங்கேயே குதிக்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு. குதித்தும்விட்டாள்.

ஆறு மணிக்குக் கார் வந்தது. அஷ்வத் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினான். "சாரி ரஞ்சு. என்னால உனக்கு எவ்வளவு கஷ்டம்..."

"எதுக்குடா சாரி?" முத்திரையை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "ஊர்ல எல்லாரும் கனடாவுக்குப் பிளேன்ல வருவாங்க. நான் நடந்தே வந்தேன்!"