பாப்பா கொடுத்த மாத்திரை

கண்டக்டருக்கு அடிவயிறு வலிக்க ஆரம்பித்து எட்டு மாதம். பழியெல்லாம் பஸ் மேல்தான் விழுந்தது. விழாமல்? காலை ஐந்தரைக்கு ஏறினால் மதியம்வரை நின்றபடியே வேலை. சீட்டுக் கம்பியில் இடுப்பை முட்டுக்கொடுத்துக்கொண்டு டிக்கெட் கிழிக்க வேண்டும். டிப்போவில் பெண்களுக்கென்று இருந்த ஒரே கழிப்பறைக்கும் பூட்டு. சாவி யாரிடம் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

"இப்படி மணிக்கணக்கா அடக்கி வெச்சா வலிக்காம என்ன அண்ணி செய்யும்? சூட்டு வலிதான்" என்றாள் நாத்தனார். அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். முப்பது வயதாகியும் வீட்டில் எல்லோருக்கும் பாப்பாதான். வலி வரும்போதெல்லாம் வலி மாத்திரை கொண்டுவந்து கொடுப்பாள், கூடவே கால் பிடித்தும் விடுவாள். கூடப்பிறந்தவள்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று கண்டக்டர் பஸ் முழுக்கப் பெருமை பேசித் திரிந்தாள். பைத்தியக்காரி.

கல்யாணமாகி மூன்று வருடம். ஒரு குழந்தைக்காக ஏங்கிக் கிடந்தாள். போதாக்குறைக்கு வெள்ளைப்படுதலில் நாற்றம், மாதவிலக்குக்கு நடுவில் ரத்தம், புருஷனோடு சேர்ந்தால் உயிர் போகிற வலி. ஒருநாள் காய்ச்சலும் சேர்ந்து அடித்ததில் ஓடுகிற பஸ்ஸிலேயே சுருண்டு உட்கார்ந்துவிட்டாள். டிரைவர் நல்ல மனுஷன். பயணிகளின் முணுமுணுப்பைச் சட்டை செய்யாமல் அரசு ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

டாக்டரம்மா பரிசோதித்துப் பார்த்து, ஸ்கேனும் எடுத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"நின்னதால வர்றதில்லம்மா இது. கர்ப்பப்பைக்கும் கருக்குழாய்க்கும் கிருமி ஏறியிருக்கு. பெரும்பாலும் உறவு மூலமா வர்றது. ஊசி போடறேன். ரெண்டு வாரம் மாத்திரை, ஒரு வேளைகூட விடக்கூடாது. உங்க வீட்டுக்காரரும் சாப்பிடணும். ரெண்டு பேருக்கும் மாத்திரை முடியறவரைக்கும் சேரக்கூடாது."

"குழந்தை பிறக்குமா டாக்டர்?"

"கிருமி போயிடும். குழாய்ல விழுந்த தழும்பு போகாது. ஒரு பக்கம் அடைச்ச மாதிரி தெரியுது, இன்னொரு பக்கத்தைப் பிறகு பார்க்கலாம். ஆரம்பத்துலயே வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது."

புருஷன் ஏசி மெக்கானிக். வேலை என்று வெளியூர் போனால் வாரக்கணக்கில் தங்கிவிடுவான். அவனிடம் இதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். தன்மேல் சந்தேகப்படுவானோ என்று இவள்தான் பயந்தாள், கேளுங்கள் கூத்தை.

வீட்டில் அவனும் பாப்பாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் பங்கு மாத்திரை அட்டையை நீட்டி, "எனக்கு வயித்துல கிருமியாம். டாக்டர் உங்களையும் சாப்பிடச் சொன்னாங்க" என்றாள்.

அவன் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்து, "மறுபடியுமா?" என்று கேட்டான்.

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். பாப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. அவன் ஏதோ அவசர வேலை என்று செருப்பை மாட்டிக்கொண்டு நழுவினான்.

கண்டக்டர் கதவைச் சாத்தினாள். "நீ சொல்லு."

பாப்பா தலையைக் குனிந்தபடியே சொன்னாள். எட்டு மாதத்துக்கு முன் வெளியூரிலிருந்து வந்தவனுக்கு ஒண்ணுக்குப் போனால் எரிச்சல். இதே மாத்திரையை அவள்தான் ரகசியமாகக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வாரத்தில் அவனுக்குச் சரியாகிவிட்டது.

"எனக்கும் வந்திருக்கும்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் அண்ணி."

"தெரிஞ்சுக்கிட்டேதான் வலி மாத்திரை கொடுத்தியா?"

"உண்மையச் சொன்னா எப்படி வந்துச்சுன்னு கேட்பீங்க. அண்ணனை விட்டுட்டுப் போயிடுவீங்கன்னு பயந்துட்டேன்."

புருஷன் செய்த துரோகம்கூட அந்த நிமிஷம் பின்னால் போய்விட்டது. இவளை நம்பித்தானே எட்டு மாதம் டாக்டரிடம் போகாமல் கிடந்தாள். ஆனாலும் கண்டக்டரின் குரல் உயரவில்லை.

"போயிருப்பேன்தான். ரெண்டு குழாயும் நல்லா இருக்கறப்பவே போயிருப்பேன்."