தாளில் ஒரு ஆள்

முத்தலிப் சாரனை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டினார். கிணற்றடியைச் சுற்றிச் சீலை கட்டி மறைத்திருந்தார்கள். உள்ளே பள்ளிவாசலிலிருந்து வந்த, இறந்தவர்களைக் குளிப்பாட்டும் பலகை. பலகையின் மேல் தம்பி நூஹு. தொப்புளிலிருந்து முழங்கால் வரை ஒரு வெள்ளைத் துணி, அவ்வளவுதான்.

சீலைக்கு வெளியே பள்ளிவாசலில் ஓதும் ஆதம்பாவா லெப்பை செருமினார்.

"முத்தலிப் காக்கா, நான் உள்ள வரவா?"

"வேணாம்."

"முறை தெரியும்தானே?"

"ஓம், தெரியும்."

அது பொய். இதே விஷயத்தில் அவர் சொல்லும் இரண்டாவது பொய்.

தண்ணீர் ஊற்ற நின்ற மக்கீன், நூஹுவின் மருமகன், ஒரு தாளைச் சீலையில் ஊசியால் குத்தினான்.

"மாமி தந்தா, பெரிய மாமா. காக்காதான் குளிப்பாட்டோணும், இதைப் பார்த்துத்தான் செய்யோணும் எண்டு மாமா சொல்லி வெச்சிரிக்காரு."

நூஹுவுக்கு அண்ணன் என்றால் காக்காதான். அவன் எழுதிய அந்தத் தாளை முத்தலிப்புக்குத் தெரியும். எட்டுப் படங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரே ஒரு வரி.

பாடம் எழுதுவதுதான் நூஹுவின் வேலை. படிப்பிப்பது வேறு, இது வேறு என்பான். பயிற்சி இல்லாமல் உத்தியோகத்துக்கு வந்த வாத்திமார் வீட்டிலிருந்தே படிக்கத் தபாலில் போகும் பாடங்கள். வாத்திக்கே பாடம் எழுத ஒருத்தனுக்குச் சம்பளமா என்று முத்தலிப் கேட்பார். எழுத்துக்காரரை அவர் நம்புவதில்லை. காணிக் கந்தோர் மேசையில் நீட்டிய பத்திரத்தை அவர் எழுத்துக் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் அவருடைய வயல் வரம்பு ஒரு முழம் உள்ளே வந்துவிட்டது.

எழுபத்தெட்டாம் வருஷம் எழுதிய முதல் பாடத்தை நூஹு எறியாமல் வைத்திருந்தான். நாற்பது பக்கம். சொறிக்கல்முனைத் தம்பிமுத்து வாத்தியார் அதை முழுக்கப் படித்துவிட்டு, "எல்லாம் விளங்கிற்று சேர். இனி வகுப்புக்குள்ள போய் நான் என்ன செய்யிற?" என்று கேட்டாராம். அதன் பிறகு நூஹு எதை எழுதினாலும் ஒரு ஆளைப் பிடித்துச் செய்ய வைத்துப் பார்ப்பான். பக்கத்தில் இருப்பான், வாய் திறக்கமாட்டான்.

"வாய் ஓம் எண்டு சொல்லும் காக்கா. கையைத்தான் பார்க்கோணும். கை எங்க நிக்குதோ, அங்க என்ட பிழை."

வருஷம் போகப் போக அவனுடைய பாடங்கள் மெலிந்தன. தனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதுவது சுகம், வெட்டுவதுதான் வேலை என்பான்.

போன பெருநாள் கழிந்த கிழமை இந்தத் தாளோடு காக்கா வீட்டுக்கு வந்தான். மையித்துக் குளிப்பாட்டத் தெரிந்தவர்கள் ஊரில் குறைந்து போனார்கள், பள்ளிவாசலில் கேட்டிருக்கிறார்கள் என்றான். மையித்துக்குப் பதிலாகச் சுருட்டிய பாயை விறாந்தையில் கிடத்தி, "செய்யுங்க" என்றான். முத்தலிப் செய்தார். ஐந்தாவது படம், இடப்பக்கம் சரித்து முதுகைக் கழுவுக. பாய் தானாக உருண்டது.

நூஹு முகத்தைச் சுளித்தான். "பாய்க்குப் பாரமில்ல. பொறுங்க, நானே படுக்கிறன்."

சட்டையைக் கழற்றிவிட்டுச் சீமெந்தில் நீட்டி நிமிர்ந்து படுத்தே விட்டான். கண்ணையும் மூடிக்கொண்டான்.

"எழும்புடா! உசிரோட கிடக்கிறவன்..."

"மையித்துக் கதைக்காது காக்கா. திருப்புங்க." கண்ணைத் திறக்காமலே சிரித்தான்.

இரண்டு கையாலும் ஆளைச் சரித்தால் துணியை யார் பிடிப்பது என்று முத்தலிப்புக்கு அப்போதே பட்டது. கேட்கவில்லை. கேட்டால் தம்பியைத் தொட்டுத் திருப்ப வேண்டிவரும்.

"எல்லாம் விளங்கிற்று. செத்த ஆக்களையும் விடாம பாடம் நடத்துறான். எழும்பிப் போ."

நூஹு எழும்பினான். தாளின் அடியில் 'நின்ற இடம்' என்று எழுதி ஒரு பெட்டி கீறியிருந்தது.

"எங்கயும் நிக்கல்லயா? மெய்யா, காக்கா?"

"நிக்கல்ல எண்டு சொல்றன்தானே!"

வெறும் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனான். தாள் ரோனியோ மெசினில் பல படியாக அடிபட்டு நிந்தவூர் வரைக்கும் போயிற்று. ஆறு மாதமாக அவன் நெஞ்சுவலிக்கு மருந்து எடுத்ததை இன்று காலையில்தான் அவன் மனைவி றாஹிலா சொன்னாள்.

கிணற்றடியில் முதல் நான்கு படங்களும் குறையில்லாமல் நடந்தன. மக்கீன் ஊற்றினான், முத்தலிப் தேய்த்தார். ஐந்தாவதுக்குத் தோளின் கீழே கையைக் கொடுத்துச் சரித்தார். தம்பி பாரமாக இருந்தான். மற்றக் கையையும் கொடுத்தார்.

துணி வழுகி விழுந்தது.

மக்கீன் வாளியோடு கிணற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். முத்தலிப்பின் இரண்டு கைகளும் தம்பியின் கீழே இருந்தன. விட்டால் தலை பலகையில் அடிபடும். தாளைப் பார்த்தார். தாளில் ஒரு ஆள்தான் இருந்தான்.

"லெப்பை!"

"என்ன காக்கா?"

"எனக்கு இது தெரியா. உள்ள வாங்க."

லெப்பை உடம்பைப் பார்க்காமல் வந்து, துணியை எடுத்துப் போட்டு, இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டார்.

"இப்ப சரிச்சுக் கழுவுங்க. இது ஒரு ஆளால ஏலாத வேலை."

"தாள்ல அப்பிடி இல்லயே," என்றான் மக்கீன்.

லெப்பை தாளைப் பார்த்தார். "ஓம், இல்லதான். நூஹு சேர் இப்பிடி விடுற மனுசன் இல்லயே. எப்பிடித் தவறினாரோ."

முத்தலிப் வாயைத் திறந்தார்.

"ஊத்து மகன்," என்றார்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கினார்கள். திரும்பி வந்து அவர் மற்ற ஆட்களோடு முற்றத்தில் இருக்கவில்லை. நூஹுவின் மேசையடிக்குப் போனார். கொடுத்து மிஞ்சிய தாள்கள் ஒரு கட்டாகக் கிடந்தன. கட்டின் மேலே, 'காக்கா' என்று மூலையில் எழுதிய அந்தப் பழைய தாள். அடியில் பெட்டி இன்னும் வெறுமையாக இருந்தது.

"றாஹிலா, பென்சில் எங்க?"

அறைக்கதவுக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது. "என்னத்துக்கு மச்சான்?"

அவர் கதிரையை இழுத்துப் போட்டார்.

"மேசை லாச்சியில பாருங்க. அவர் சீவித்தான் வெச்சிரிப்பாரு."

சீவித்தான் இருந்தது. முத்தலிப் கதிரையில் உட்கார்ந்து, பெட்டிக்குள் ஐந்து என்று எழுதினார். எழுத்துக் கோணியது. பிறகு ஐந்தாவது படத்துக்கு வந்தார். பலகையின் மற்றப் பக்கத்தில் ஒரு வட்டம், கீழே ஒரு கோடு, இரண்டு குச்சிக் கைகள். கைகளைத் துணியில் கொண்டுபோய் முட்டினார்.

கட்டைக் கிட்ட இழுத்து, அடுத்த தாளை எடுத்தார்.