ஒரே ஒரு சந்தாதாரர்

1.

இது கதையாகப் பிறக்கவில்லை. ஓர் இணைய இதழின் ஆசிரியர் 'மின்மடல்களிலிருந்து (நியூஸ்லெட்டர்) வாசகர் முழுப்பயன் பெறுவது எப்படி?' என்று கட்டுரை கேட்டார். நான் இதுவரை யாருக்கும் பயன்பட்டதில்லை, இருந்தும் ஒப்புக்கொண்டேன். முதல் குறிப்பு: 'யோசித்துச் சந்தா சேருங்கள்.' அதை எழுதி முடிப்பதற்குள் யதிராஜன் ஞாபகம் வந்துவிட்டார். கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.

(அவர் பெயரை மாற்றியிருக்கிறேன். மனைவி சத்யபாமாவின் பெயர் நிஜம். "என் பேரை மாத்தாதீங்கோ. நான் சொன்னது யார் காதுலயாவது விழட்டும்" என்றார். இனி அவரை 'அவள்' என்றே எழுதுவேன். கதைக்குள் வந்துவிட்டால் மரியாதை கொஞ்சம் குறைகிறது, நெருக்கம் கூடுகிறது.)

2.

தொடக்கம் ஒன்று: 'காவிரியில் புதுத்தண்ணீர் வந்த அன்று காலை, ராஜகோபுரத்தின் நிழல்...' (அடித்துவிட்டேன். ஸ்ரீரங்கத்துக் கதை என்றாலே ஆறும் கோபுரமும் முதல் வரியில் வந்து இடம் பிடித்துவிடுகின்றன. இங்கே இரண்டுக்கும் வேலை இல்லை.)

தொடக்கம் இரண்டு: 'யதிராஜன் ஒரு கொடுமைக்காரர்...' (பொய்.)

தொடக்கம் மூன்று, இதுவே நிற்கட்டும்: கீழ உத்தர வீதி அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், ஓய்வுபெற்ற தரப் பரிசோதகர் யதிராஜனுக்கு நாற்பத்தொரு மின்மடல்கள் வந்துகொண்டிருந்தன. பின்லாந்துக்காரர் ஒருவர் தூக்கத்தைப் பற்றி எழுதினார். ஜப்பானிய மரவேலைக்கு ஒன்று. புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர்களுக்கு மூன்று. மின்மடல்கள் குவியாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று சொல்லித்தரும் மடல் வாரம் இருமுறை வந்து குவிந்தது.

"இதெல்லாம் நமக்கெதுக்குன்னா? நிறுத்திடுங்கோளேன்" என்றாள் சத்யபாமா.

"கேக்காமலே கொண்டுவந்து குடுக்கறா. பிரசாதத்தை யாராவது வேண்டாம்பாளோ?"

மற்றபடி என் கட்டுரையில் வரவிருந்த அத்தனை குறிப்புகளையும் அவர் என்னைக் கேட்காமலே கடைப்பிடித்தார். தனி முகவரி, தினமும் குறித்த நேரம், 'இன்றே', 'ஞாயிறு', 'பிறகு', 'கட்டாயம் பிறகு' என்று நான்கு கோப்புறைகள். நல்ல வரிகளை நோட்டில் எழுதுவார். எழுதியவருக்குப் பதில் போடுவார். படித்ததை யாருக்காவது சொன்னால் மனதில் நிற்கும் என்பதால் சத்யபாமாவுக்குச் சொல்வார். பின்லாந்துக்காரரின் கெட்ட கனவுகள்கூட அவளுக்கு அத்துப்படி.

3.

சத்யபாமா கணக்கு டீச்சர். இருபத்தாறு வருடச் சர்வீஸ். அவள் பள்ளி நிர்வாகம் உப்பிலியபுரத்தில் நடத்தும் கிளைக்குத் தலைமையாசிரியையாகப் போகச் சொல்லிக் கடிதம் கொடுத்தது. வாரத்தில் ஐந்து நாள் அங்கேயே தங்கவேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். போகவேண்டுமென்று அவளுக்குக் கொள்ளை ஆசை. அவர் வாயால் ஒரு வார்த்தை, 'போ' என்றோ 'போகாதே' என்றோ, கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது.

திங்கள் காலை சொன்னாள். "ம்" என்றார். மாலையில் சொன்னாள். "நல்ல பாயிண்ட், பாமா" என்றார். செவ்வாயன்று அவர் தட்டில் ரசத்தை ஊற்றியபடி மூன்றாம் முறை சொன்னாள்.

"சேவ் பண்ணி வை. ஞாயித்துக்கிழமை பாத்துக்கறேன்."

(இங்கே எனக்குச் சந்தேகம் வந்தது. இந்த மனுஷனை வாசகர் வெறுத்துவிட்டால் கதை போச்சு. ஆகவே சொல்லிவிடுகிறேன்: காய் நறுக்குவது அவர்தான். காலை டிகாஷன் அவர் கைவேலை. கொடுமைக்காரராவது அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு மறுத்திருப்பார்.)

4.

"இதுக்கு ஒரே வழி, நீங்களே ஒரு நியூஸ்லெட்டர் ஆரம்பிங்க டீச்சர்" என்றாள் லிசி. பாலக்கரையிலிருந்து வரும் கம்ப்யூட்டர் டீச்சர். விளையாட்டாகத்தான் சொன்னாள், ஆனால் பத்து நிமிடத்தில் ஆரம்பித்தும் கொடுத்துவிட்டாள். மடலின் பெயர் 'சொன்னது காதில் விழுந்ததா?' எழுதுபவருக்குப் புனைபெயர் மாலினி. 'இலவசம்' என்று ஓர் அழைப்பு அனுப்பினார்கள். யதிராஜன் ஒரு நிமிடத்துக்குள் சேர்ந்துவிட்டார்.

"ஆள் விழுந்துட்டாரு, டீச்சர்!"

புதன்கிழமை முதல் மடல் போனது. அதில் சத்யபாமா எதையும் மறைக்கவில்லை. மூன்று முறை சொன்னது, ரசம், வீட்டில் ஒழுகும் குழாய், அறுபது எழுபது கிலோமீட்டர் தள்ளி வந்திருக்கும் வேலை எல்லாம் இருந்தன. கடைசி வரி: 'நான் போகலாமா?'

அன்று மாலை யதிராஜன் அதை அவளுக்கே வாசித்துக் காட்டினார்.

"எவ்வளவு நன்னா எழுதறா பாரு. ஆத்துக்காரி மூணு தடவை சொல்லியும் காதுல போட்டுக்காத ஜென்மம்! அவாத்துலயும் குழாய் ஒழுகறதாம். என்ன ஒத்துமை பாரேன்!"

"யாராம் அது?"

"யாரோ பாவம். இப்படியும் ஆம்படையான்கள் இருக்கா."

(வாசகர் இதை நம்பமாட்டார் என்று இதழாசிரியர் சொன்னார். இந்தப் பகுதியை நீக்கும்படி எனக்கு மூன்று மின்னஞ்சல்கள் போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பார்க்கவேண்டும்.)

5.

வியாழன் மதியம், இடைவேளையில், மாலினிக்குப் பதில் வந்தது. பள்ளி மாடிப்படியில் உட்கார்ந்து சத்யபாமா படித்தாள்.

'அன்புள்ள சகோதரிக்கு, தாராளமாகப் போங்கள். இருபத்தாறு வருடம் பிறர் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவருக்குப் பள்ளி நடத்தத் தெரியாதா? உங்கள் கணவருக்கு முதல் வாரம் கஷ்டமாக இருக்கும். பழகிக்கொள்வார். பழகாவிட்டால் அது அவர் தலைவலி. உங்கள் குரலில் ஒரு தெளிவு இருக்கிறது. அதைத் தினமும் கேட்கக் கொடுத்துவைத்தவர் அதைக் கேட்காமல் இருக்கிறாரே என்று நினைத்தால் எனக்கே கோபம் வருகிறது...'

நான்கு பத்தி. கல்யாணமான இருபத்தெட்டு வருடத்தில் அவர் அவளுக்கு ஒரு சீட்டுக்கூட எழுதியதில்லை. கேட்ட வார்த்தை கிடைத்துவிட்டது, கேட்டவளுக்குக் கிடைக்கவில்லை. மாலினி மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. இத்தனை கவனம் இவரிடம் இருந்திருக்கிறதே, எங்கே வைத்திருந்தார் என்று அழுகை வந்தது. மணி அடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போனாள். மறுநாள் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.

6.

ஞாயிற்றுக்கிழமை அவர் எதையும் பார்க்கவில்லை. ஜப்பானிய மரவேலைக்காரர் சிறப்பிதழ் போட்டிருந்தார்.

திங்கள் காலை ஆறரை. வாசலில் ஆட்டோ. சத்யபாமா பெட்டியோடு கூடத்துக்கு வந்தாள். யதிராஜன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார். பெட்டியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்க கிளம்பிட்ட, பாமா?"

"உப்பிலியபுரம். ஹெச்.எம்.மா போறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதோ? நான் 'போ'ன்னு சொல்லவே இல்லையே!"

"சொன்னேளே. நாலு பாரா."

"நானா? எப்போ?"

7.

அதற்கு அவள் என்ன சொன்னாள்? அவளிடமே கேட்டேன். "அதுக்குத்தானே நீங்க இருக்கேள்" என்று போனை வைத்துவிட்டாள்.

என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன. அவள் அந்த நான்கு பத்தியையும் நின்றபடி வாசித்துக் காட்டுகிறாள். அல்லது ஒன்றும் சொல்லாமல் ஆட்டோவில் ஏறிப்போய், பஸ் பிடித்து, வழியில் துறையூர் தாண்டியதும் மாலினியின் இரண்டாம் மடலை அனுப்புகிறாள். அல்லது அவரே நெற்றியில் கைவைத்துக்கொண்டு சோபாவில்... (இது எனக்கே பொறுக்கவில்லை. இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொள்கிறவராக இருந்தால் கதையே வந்திருக்காது.)

மூன்றையும் அடித்துவிட்டேன். உங்களுக்குத் தோன்றுவதை எழுதிக்கொள்ளுங்கள். அவரைத் திட்டலாம், அழவைக்கலாம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வரவைக்கலாம், உங்கள் இஷ்டம். ஆனால் வெகுநேரம் பேசவிடாதீர்கள். சத்திரம் பஸ் நிலையத்தில் துறையூர் பஸ் ஏழு மணிக்கு எடுத்துவிடுவான். அவள் அதில் ஏறியாகவேண்டும்.