ஒரிஜினல்ல யாரும் அழல

“பாப்பா, இன்னும் கொஞ்சம் குனி. அம்மா மூஞ்சியும் உன் மூஞ்சியும் ஒண்ணா விழணும்” என்றார் வீடியோக்காரர் பூவரசன்.

மெர்லின் குனிந்தாள். ஐஸ் பெட்டியின் கண்ணாடி நெற்றியில் சில்லென்று பட்டது. உள்ளே அம்மா அந்தோணிமேரி வெள்ளைச் சேலையில், விரல்களில் செபமாலை சுற்றிப் படுத்திருந்தாள். விழுப்புரம் பெரியாஸ்பத்திரியிலிருந்து விடியற்காலையில்தான் திண்டிவனத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். காமிரா காத்திருந்தது. மெர்லினுக்கு அழுகை வரவில்லை.

“அழும்மா. உங்க அண்ணன் குவைத்துல இருந்து பாக்கப் போறாரு.”

“அவளா? நல்லா அழுவா” என்றாள் ஜெயம் பெரியம்மா, கால்மாட்டில் உட்கார்ந்தபடி. “காலையில இருந்து பாத்துக்கினுதான் இருக்கேன். பெத்தவ போய்ட்டா, இவ கல்லாட்டம் குந்திக்கினு இருக்கா. அந்தப் புள்ள ஜோஸ்வின் அங்க சோறு தண்ணி இல்லாம கெடக்கறான். இதப் பாத்தா அவன் இன்னா நெனப்பான்?”

அதுதான் மெர்லினுக்கும் பயம். கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை என்று காலையில் ஜோஸ்வின் போனில் விம்மினான். “வேலையே வாணாம், உட்டுட்டு வந்துடறேன். நீ தனியா இன்னா பண்ணுவ?” என்றான். அவனை அந்த வேலைக்கு அனுப்ப அம்மா எத்தனை வாசல் ஏறி இறங்கினாள் என்பது மெர்லினுக்குத் தெரியும். “வராத. இங்க எல்லாரும் இருக்காங்க” என்று சொல்லிவிட்டாள். வீடியோவில் தங்கை நாலு பேருக்கு நடுவே அழுதால் அவனுக்கு மனசு ஆறும். கல்லாக உட்கார்ந்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவான்.

இமைகளை இறுக்கிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. அழ வேண்டியதையெல்லாம் மூன்று வருஷத்துக்கு முன்பே அழுது தீர்த்துவிட்டாளோ என்னவோ.

அப்போது ஒலக்கூர் பக்கம் ஒரு பழைய பங்களாவில் பேய்ப்படம் எடுத்தார்கள். வேறு மொழியில் ஓடோ ஓடென்று ஓடிய படத்தைத் தமிழில் எடுக்கிறார்களாம். சாப்பாட்டுக் கோஷ்டியோடு அம்மா பாத்திரம் தேய்க்கப் போனாள். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டிருந்த மெர்லினும் கூடப் போனாள். காமிராவுக்குப் பக்கத்தில் கறுப்புத் துணி போர்த்திய ஒரு டிவி. அதில் பழைய படத்தை ஓடவிட்டு, நிறுத்தி, அதேபோல் எடுப்பார்கள். அதில் சுவரில் பல்லி ஓடினால் இதிலும் ஓட வேண்டும். ரப்பர் பல்லிக்கு நூல் கட்டி இழுக்க ஒருவர் பகல் முழுக்க ஏணியில் நின்றார்.

பிணமாகப் படுக்க வேண்டிய நடிகை வரவில்லை. டைரக்டர் டிவியைப் பார்த்தார், சாம்பல் கையோடு நின்ற அம்மாவைப் பார்த்தார். “இந்த அம்மா மூக்கு அப்படியே இருக்குப்பா.”

முகத்தில் நீலம் கலந்த மாவு அப்பி, நெற்றியில் பெரிய குங்குமம் வைத்து, மூக்கில் பஞ்சு அடைத்துப் படுக்க வைத்தார்கள். இடது கை கட்டிலுக்கு வெளியே தொங்க வேண்டும். விரலில் தூண்டில் நரம்பு கட்டி, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒருவர் இழுப்பார். மெழுகுவர்த்தி அணைந்ததும் விரல் அசையும். அதற்குத்தான் தியேட்டரில் ஜனம் அலற வேண்டும்.

டம்ளர்களைக் கழுவிக்கொண்டு வந்த மெர்லின் அந்தக் கோலத்தைப் பார்த்தாள். நடிப்பு என்று தெரியும். தெரிந்தும் டம்ளர்களைத் தட்டோடு போட்டுவிட்டு, “எம்மா” என்று கத்தி அழுதபடி ஓடிக் கட்டிலில் விழுந்தாள்.

“கட்! யாருப்பா இது? ஒரிஜினல்ல இங்க யாரும் அழல” என்று டைரக்டர் கத்தினார். அவளை வெளியே கொண்டுபோய்ப் புளியமரத்தடியில் உட்கார வைத்தார்கள். பொழுது சாயும்வரை அவள் அழுகை நிற்கவில்லை.

பிணமாக நடித்தவர்கள் எழுந்து காமிராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதையும் படம் பிடித்தால்தான் தோஷம் கழியும் என்பது சினிமாக்காரர்கள் வழக்கம். பல் போன வாயைக் காட்ட அம்மா கூச்சப்பட்டாள். மெர்லினைக் கூட்டிவந்து எதிரில் நிறுத்தினார்கள். அழுது வீங்கிய மகளின் மூஞ்சியைப் பார்த்ததும் அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். மூக்கிலிருந்து பஞ்சு தெறித்தது.

படம் திண்டிவனத்துக்கு வந்தபோது இருவரும் போனார்கள். விரல் அசைந்தது, ஜனம் அலறியது, அம்மா மட்டும் அடுத்தது வரும் என்று காத்திருந்தாள். விளக்கு போட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.

“ஏண்டி, நான் சிரிச்சேனே, அது எங்க?”

“அதெல்லாம் படத்துல போடமாட்டாங்கம்மா.”

“போடாததுக்கு எதுக்குடி அவ்ளோ நேரம் சிரிக்கச் சொன்னாங்க? மெனக்கெட்டு வந்தேன்” என்று வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள்.

இப்போது, கோயில் சாமியார் வந்து செபம் சொல்லி மந்திரித்தார். அம்மாவை மரப்பெட்டிக்கு மாற்றினார்கள். மூடி வைப்பதற்கு முன் எல்லோரும் விழுந்து அழுதார்கள். மெர்லின் அம்மாவின் உதட்டோரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு பேரில் அவள் ஒருத்திதான் எதையோ எதிர்பார்ப்பவள் போலிருந்தாள்.

“மூடி வையுங்க, நேரமாவுது” என்று யாரோ சொன்னார்கள்.

பூவரசன் காமிராவை அவளிடமிருந்து திருப்பினார். “சரி விடும்மா. நான் கூட்டத்த எடுத்துக்கறேன்.”

கல்லறையிலிருந்து திரும்பியதும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். “மாடு கறக்க ஆளில்லடி. காரியத்துக்கு முந்தின நாளே வந்துடறேன்” என்று பெரியம்மாவும் விழுப்புரம் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். ஐஸ் பெட்டியை வண்டியில் ஏற்றிப்போனார்கள். வாடகை நாற்காலிகள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடத்தில் நின்றன. வெளியே மாலை வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது.

“ஆயிடுச்சா?” என்றான் ஜோஸ்வின்.

“ஆயிடுச்சிண்ணா.”

“கூட யாரு இருக்கா?”

“பெரியம்மா இருக்கு. பக்கத்து ஊட்டு பாஞ்சாலி அக்கா இருக்காங்க. கால் வெக்க எடமில்ல.”

“சத்தமே காணோமே?”

மெர்லின் போனைக் காதிலிருந்து சற்று விலக்கினாள். அடுப்படிப் பக்கம் திரும்பி, “பெரியம்மா, பால எறக்கு, பொங்குது பாரு” என்றாள். அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்துத் தரையில் கரகரவென்று இழுத்தாள்.

“யாரது?”

“யாரோ வர்றாங்க. சேர் போடறாங்க.”

“பெரியம்மாகிட்ட குடு.”

“அது அழுதுக்கினு இருக்குண்ணா. அப்பறமா பேசட்டும்.”

“நீ அழுதியா?”

“உம்.”

“சரி... நெறைய பேரு இருக்காங்கன்னா சரி. நான் லீவு கெடச்சதும் வர்றேன். சாப்புடு.”

“உம். நீயும் சாப்புடு.”

அவன் வைத்துவிட்டான். மெர்லின், இழுத்துப் போட்ட நாற்காலியைத் தூக்கி, சத்தம் வராமல் அடுக்கின் மேல் வைத்தாள்.