ரத்னாபாய் ஒட்டிய பக்கங்கள்

1936ஆம் வருடம் ஜூன் மாதம், பாளையம் சந்தைக்குப் பின்னால் குடியிருந்த ரத்னாபாயின் கன்னத்து அம்மைத் தழும்பு, அவள் செய்துகொண்டிருந்த ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு இடம் மாறியது. மார்த்தாண்டத்துப் பள்ளிக்கூடத்தில் தனக்குக் கிடைத்த பரிசு அட்டையையும் சிறுவயதுப் பாவாடையின் ஒரு துண்டையும் முந்தின நாள்தான் மரச்சீனிக் கிழங்கு மாவில் காய்ச்சிய பசையால் அதில் ஒட்டியிருந்தாள். காலையில் முகம் கழுவும்போது கன்னம் வழுவழுவென்றிருந்தது. பக்கத்தைத் திருப்பினால், பாவாடைத் துண்டுக்கு அருகில் தாள் குழிகுழியாகப் பள்ளம் விழுந்து, தொட்ட விரலுக்கு வெதுவெதுப்பாக இருந்தது. அந்த மழைக்காலத்தில் சந்தையில் மரச்சீனி விலை இறங்கியிருந்ததால் பசைக்குக் குறைவில்லை. அவள் இரண்டாம் பக்கத்தை ஆரம்பித்தாள்.

அவளுக்கு இருதயம் வீங்கியிருக்கிறது, கிறிஸ்துமஸ் வரை தாங்குவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகள் ராஜபாய்க்கு இரண்டு வயது. அந்த வயதுப் பிள்ளைக்குத் தாயின் முகம் மனதில் நிற்காது என்பது ரத்னாபாய்க்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பு பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவள். ரேந்தை என்கிற லேஸ் பின்னல் மாதிரிகள் வைத்திருந்த தடித்த ஆல்பத்தைக் காலி செய்து, தன் வாழ்க்கையை மகளுக்காக அதில் ஒட்ட உட்கார்ந்தாள். தம்பானூர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கிளார்க்காக இருந்த கணவன் நேசையன், முதலில் கத்தரிக்கோல் பிடித்து உதவினான். மூன்றாம் பக்கத்தில், குழித்துறை ஆற்றோடு போன தங்கையின் ரிப்பனை ஒட்டிய மறுநாள், பேச்சுவாக்கில் அந்தத் தங்கையின் பேரைச் சொன்னான். ரத்னாபாய் நிமிர்ந்து பார்த்து, “எனக்குத் தங்கச்சி உண்டா?” என்று கேட்டாள். அவன் ஓடிப்போய்ப் பக்கத்தைத் திறந்தான். ஆற்றுக்காற்று முகத்தில் அடித்தது. இரண்டு சிறுமிகள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

அன்று பசைக் கிண்ணத்தை அவன் முற்றத்தில் கவிழ்த்தான். “போதும் ரத்னம். உள்ள நாளைக்காவது நீ நீயா இரி.”

“இஞ்ச பாருங்க,” என்றாள் அவள், “நெஞ்சுல வச்சிருந்தா எல்லாம் எங்கூட மண்ணுக்குள்ள போவும். இதுல இருந்தா அவளுக்குக் கெடைக்குமில்லா?”

அவன் ஒரே ஒரு காரியம் செய்தான். தங்கள் கல்யாணப் படத்தை எடுத்துப்போய் ரயில் நிலையத்து டிக்கெட் அலமாரியில் வைத்துப் பூட்டினான். அவளும் அதைக் கேட்கவில்லை. செப்டம்பருக்குள் அவளுடைய தாய், பள்ளிக்கூடம், ஞானப்பாட்டுகள், கடுகு தாளிக்கிற வாசனை, பல்லியைக் கண்ட பயம் எல்லாம் ஒவ்வொரு பக்கமாகப் போய்ச் சேர்ந்தன. ஆல்பத்தைத் தூக்க ஒரு ஆளால் முடியாமல் போயிற்று. கடைசியாக, பிள்ளை பிறந்த அன்று போட்ட சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒட்டினாள்.

மறுநாள் காலை ராஜபாய் அழுதுகொண்டே வந்து காலைக் கட்டிக்கொண்டது. ரத்னாபாய் அதைத் தூக்கி, கண்ணைத் துடைத்து, ஒரு பிஸ்கோத்தும் கொடுத்துவிட்டு, “இஞ்ச பாருங்க, யாருக்க பிள்ளையாக்கும் இது? தாய்க்காரி தேடமாட்டாளா?” என்றாள்.

பிறகு அவள் உயிரோடிருந்த நாளெல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றைப் பார்த்துக்கொள்வதுபோல அதைப் பார்த்துக்கொண்டாள். பொழுது சாய்ந்தால், கொண்டுபோய் விட்டுவாருங்கள் என்று கணவனிடம் கொடுப்பாள். நேசையன் பிள்ளையை அடுத்த அறைக்கு எடுத்துப்போய்ச் சட்டை ஒட்டிய பக்கத்தைத் திறந்து வைப்பான். தாலாட்டு கேட்கும். ராஜபாய் தாளில் கன்னத்தை வைத்துத் தூங்கிவிடும். “நல்லாப் பாடுதா. யாரது?” என்று கட்டிலிலிருந்து ரத்னாபாய் கேட்பாள்.

நவம்பரில் அவள் இறந்தாள். கடைசி மூச்சு வரை அவளுக்கு அடையாளம் தெரிந்த ஒரே ஆள் நேசையன்தான். பெட்டியைத் தூக்கியவர்கள் கனமே இல்லையென்று இறக்கிவைத்து, திறந்து பார்த்தார்கள். உள்ளே அவள் இருந்தாள். மூடி எடுத்துப்போய் அடக்கம் செய்தார்கள்.

அடக்கம் முடிந்து வந்த அன்று அவன் ஆல்பத்தைத் திறந்து, “ரத்னம்” என்று கூப்பிட்டான். தாலாட்டு நின்றது. “யாரு?” என்றது குரல், அந்நிய ஆணிடம் பேசுகிற மரியாதையோடு. கல்யாணப் படத்தை ஒட்டியிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் ஒட்டுகிறவன் மறந்துவிடுவான். பசை காய்ச்சி ஆறவிட்டு, பிறகு அதைக் கொட்டினான். “ரயில்வேல டிக்கெட் குடுக்குற ஆளாக்கும்” என்று ஆல்பத்திடம் சொன்னான்.

வருடங்கள் போயின. அவன் மறு கல்யாணம் செய்யவில்லை. ராஜபாய் எழுத்துக்கூட்டப் படித்ததும், தலைவாரப் படித்ததும், பல்லிக்குப் பயந்ததும் அந்தப் பக்கங்களிடமிருந்துதான். தினமும் வேலை விட்டு வந்ததும் நேசையன் ஆல்பத்தின் முன் நாற்காலி போட்டு, அன்று ரயிலில் வந்தவர்களைப் பற்றிச் சொல்வான். முதல் இரண்டு வருடம் குரல் ‘உம்’ கொட்டியது. யுத்தம் வந்து அரிசி ரேஷனான வருடம் ஒருமுறை சிரித்தது. அதற்கடுத்த மழைக்காலத்தில், கொல்லம் வண்டி தாமதமாகி அவன் நனைந்து வீட்டுக்குள் நுழைந்தபோது, “என்னத்துக்கு இவ்வளவு நேரம்? தலையைத் துவட்டுங்க, சோறு ஆறிப்போச்சு” என்றது.

நேசையன் தலையைத் துவட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ராஜபாய் தட்டை எடுத்துவைத்தாள்.