மூச்சு, தண்ணி, நியூஸ்

"அன்ரி ரெண்டு வசனம் சொன்னால் போதும்," என்று மைக்கின் கழுத்தைத் திருகினார் அப்பாவின் கழகச் செயலாளர் உமாசுதன்.

"அம்மா கதைக்க மாட்டா எண்டு காலமையே சொன்னனான் அண்ணை," என்றாள் உஷாந்தி.

"நான் எழுதியே கொண்டு வந்திட்டன், தங்கச்சி. 'அன்னாரின் நிழலில் மலர்ந்த கொடி நான்' எண்டு தொடங்குது. பாத்து வாசிச்சால் சரி. ரீவி ஆக்களும் வந்திருக்கினம்."

காலையில் முகம் கழுவும்போது அம்மா சிவக்கொழுந்து கேட்டது அது ஒன்றுதான்: "என்னைக் கொண்டு அவரைப் புகழ வைக்க விட்டிடாதை, பிள்ளை." உஷாந்தி தலையாட்டியிருந்தாள்.

வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையில், அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் அப்பா ஸ்ரீஸ்கந்தராசா பட்டு வேட்டியோடு பெட்டிக்குள் கிடந்தார். தனித்தமிழ்ச் சொல்லாக்கக் கழகத்தின் ஆயுட்காலத் தலைவர். நிறுத்தங்களுக்குப் பெயர் வைக்காத இனம் உருப்படாது என்பது அவர் கட்சி. ரீ பிரேக் 'தேநீர்த் தரிப்பு' ஆனது அவரால். மின்வெட்டு 'ஒளியிடை'. கரையோர ரயில் போகும்போது பேச்சாளர் வாய்மூடி நிற்கும் நேரம் 'இருப்புவழி அமைதி'. முந்தாநாள் மேடையில் ஒரு வாக்கியத்தின் நடுவே மார்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதுவும் புதிதாக ஏதோ ஒரு தரிப்பு என்று நினைத்த சபை, மரியாதையாகக் காத்திருந்தது. விழுந்த பிறகுதான் ஓடினார்கள்.

வீட்டில் நிறுத்தங்களுக்கு வேறு அகராதி. உஷாந்தியும் தம்பி லவனும் கட்டிலுக்கடியில் கிடந்தபடி ஆக்கியது. அம்மாவின் தலையைச் சுவரில் மோதிவிட்டு அப்பா இடுப்பில் கை ஊன்றி இளைத்தால் அது 'மூச்சு'. சின்னது, அம்மா சுருண்டுகொள்ள மட்டும் நேரம் கிடைக்கும். குசினிக்குப் போய் பிரிட்ஜைத் திறந்தால் 'தண்ணி'. அந்த நேரத்துக்குள் அம்மா கண்ணாடியைக் கழற்றி உஷாந்தியிடம் நீட்டிவிடுவாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு அவர் திரும்பி வந்து பெல்ற்றை உருவும்போது, முகத்தில் உடைவதற்குப் பல்லும் மூக்கும்தான் மிச்சம் இருக்கும். ரேடியோவில் செய்தி தொடங்கினால் 'நியூஸ்'. எல்லாவற்றிலும் பெரியது. இங்கிலீஷ் சொல்லை வேண்டுமென்றே வைத்திருந்தார்கள். செய்தி முடிந்ததும் அப்பா முதலில் அறிவிப்பாளரின் தமிழைத் திருத்துவார், பிறகு அம்மாவை. வலது காது அப்படிப் போனதுதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் ரீவியின் சத்தத்தைக் கூட்டிவைப்பார்கள், படித்த ஆட்கள்.

ஐயர் உரலை வைத்தார். மஞ்சளும் அறுகும் போட்டார். பெட்டிக்குள் கிடந்தவருக்குப் பூசச் சுண்ணம் இடிக்கும் உலக்கையில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது.

"ஒவ்வொரு பாட்டு முடியவும் உலக்கை நிக்கோணும். நான் கை காட்டுவன்," என்றார் ஐயர்.

உமாசுதன் முந்திக்கொண்டார். "அதற்கு முன்னதாகச் சிறு தரிப்பு! அமரரின் இல்லக்கிழத்தியார் இப்போது..."

உஷாந்தி மைக்கைப் பொத்தினாள். "வேண்டாம் அண்ணை."

"சபை பாக்குது, தங்கச்சி." அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, அம்மாவின் முழங்கையைப் பிடித்துத் தூக்கினார். "எழும்புங்கோ அன்ரி. ரெண்டு வசனம்."

பிடித்த பக்கத் தோள் சட்டென்று ஒடுங்கியது. அம்மா எழுந்தாள். தாளைப் பார்த்தாள்.

"கதைக்கேலாது," என்றாள். "இடிக்கிறன்."

"அது பிள்ளையள் இடிக்கிறது அன்ரி, நீங்கள்..."

அம்மா கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள். உஷாந்தியின் உள்ளங்கை ஏற்கெனவே குழிந்து நின்றது.

முதல் குத்தில் உரல் துள்ளியது. ஐயர் திடுக்கிட்டுப் பாடத் தொடங்கினார். ஒரு பாட்டு முடிந்து கை காட்டினார். உலக்கை நிற்கவில்லை. இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக் குத்தினாள். மஞ்சள் தெறித்து உமாசுதனின் வேட்டியிலும், பெட்டிக்குள் கிடந்தவரின் கன்னத்திலும் அப்பியது. உரலுக்குக் கீழேயிருந்த தரைக்கல் வெடித்தது.

"அம்மா, காணும்," என்றார் ஐயர்.

"பாருங்கள், அன்னையின் ஆற்றாமையை!" என்று கமராவுக்கு விளக்கினார் உமாசுதன்.

அப்போது ரயில் வந்தது. பழக்கதோஷத்தில் கழகத்தார் எல்லோரும் தலைகுனிந்து வாய் மூடினார்கள். ரயிலுக்கு மேலாலும் உலக்கை கேட்டது. உஷாந்தி மட்டும் குனியவில்லை. அம்மாவின் பிடரியில் வியர்வை ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரயில் போனது. அதன்பிறகு, தன் பாட்டில், உலக்கை நின்றது. ஐயர் திருநீற்றுத் தட்டைத் தேடினார். உமாசுதன் மஞ்சள் பட்ட தாளை உதறி விரித்தார். "சரி, இப்ப அழுது ஆறிட்டா. வாங்கோ அன்ரி."

அம்மா அழுதிருக்கவில்லை. இடுப்பில் கை ஊன்றி இளைத்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி," என்றாள்.

உஷாந்தி கிளாசைக் கொடுத்தாள். அம்மா அவசரப்படாமல் அண்ணாந்து குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள். வெறும் கிளாசை, உமாசுதன் நீட்டிய தாளின்மேல் வைத்துவிட்டு, திரும்பி உலக்கையை எடுத்தாள்.

கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, உஷாந்தி குந்தி இருந்து, உரல் ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.