கோழிக்கூட்டுக்கும் வரி

வீட்டு வரிக்காக டேப்போடு போகிறவனை யாரும் காபி கொடுத்து வரவேற்பதில்லை. அந்தமானில், பாம்பூஃப்ளாட்டில் என் தலை தெரிந்ததுமே வீடுகள் சுருங்கிவிடும். படுக்கையறை "ஸ்டோர் ரூம் ஹை, சாப்" ஆகிவிடும். மாடியில் துணி காய்ந்துகொண்டிருக்கும், கீழே நின்று மாடியே இல்லை என்று சத்தியம் செய்வார்கள்.

பேச்சியம்மா வேறு ரகம். சுனாமியில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து, இந்த மேட்டுச் சரிவில் தகரக் கூரை போட்டு, ஆறு வருஷத்தில் மூன்று பக்கம் சுவர் எழுப்பியிருந்தாள். தனி ஆள். கணவர் சிவஞானத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. நான் அளக்கப் போன வருஷம்தான் சரிவில் இருந்த வீடுகளையும் வரிப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லியிருந்தார்கள்.

அறையையும் அடுப்படியையும் அளந்து முடித்தேன்.

"கக்கூஸ விட்டுட்டீங்களே சார்" என்றாள். அதையும் அளந்தேன்.

"கோழிக்கூடு?"

"அதுக்கு வரி இல்லம்மா."

"பரவாயில்ல, எழுதிக்குங்க. சிமெண்டுத் தரை போட்டிருக்கேன்."

எனக்கு எரிச்சல் வந்தது. ஃபெரிக்கு முன்னால் இன்னும் நாலு வீடு பாக்கி. "எல்லாரும் குறைக்கச் சொல்லி உயிரை எடுக்கிறாங்க. நீங்க கூட்டச் சொல்றீங்களே, கிறுக்கா?"

அவள் சிரித்தாள். "நீங்க எழுதுற அடி எல்லாம் எனக்குத்தானே சார்? ரசீது வரட்டும், சீட்டுப் பணத்தப் போட்டு பின்சுவரையும் கட்டிருவேன். எங்க வம்சத்துல மொத சொந்த வீடு."

வரி ரசீதைப் பட்டா என்று நினைத்திருக்கிறாள். சொல்லாமல் நழுவிவிடத்தான் ஆசை. ஆனால் சீட்டுப் பணம் மொத்தமும் அந்தச் சுவரில் போய்விடும்.

"அம்மா, வரி கட்டடத்துக்கு. குடியிருக்கிறவங்க கட்டணும். மண்ணு சர்க்காரோடது. எத்தனை வருஷம் கட்டினாலும் ரசீதால மண்ணு உங்களுதாகாது."

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"சிலோன்ல தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவுல பொறந்தேன். அப்பன், பாட்டன் எல்லாம் அங்கதான். வரின்னு கேட்டு ஒருத்தரும் வந்ததில்ல. எழும்பு, இந்தியாவுக்குப் போன்னாங்க, கப்பலேறிட்டோம். கச்சால்லயும் தோட்டத்து வீடுதான். அங்க கடல் எழுப்பிருச்சு. இப்பதான் மொதல்மொதல்ல நீங்க டேப்போட வர்றீங்க. வரி வாங்குறவங்க எழும்புன்னு சொல்லமாட்டாங்கன்னு நெனச்சேன்."

இருபத்திரண்டு வருஷமாக நானும் குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறேன். மெயின்லேண்டிலும் ஒரு சென்ட் கிடையாது. ஊரார் வீட்டையெல்லாம் அளக்கும்போது, இப்படி ஒரு அடுப்படி நமக்கு வாய்க்காதா என்று ஏங்கியிருக்கிறேன். இவளிடம் அதைச் சொல்லி என்ன பயன்?

"எழுதட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டேன்.

"பேரு போடுவீங்களா?"

"குடியிருப்பவர்னு போட்டு, பக்கத்துல உங்க பேரு."

"எழுதுங்க சார். பேச்சியம்மா, சிவஞானம் சம்சாரம்." எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "அன்னைக்குக் கப்பல்ல எங்களத் தலை எண்ணித்தான் ஏத்துனாங்க. இனி எழும்பச் சொல்ல எவன் வந்தாலும், பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டுச் சொல்லட்டும்."